காதைத் தொட்ட கை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்யும்போது நான் கேட்பதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, கால்வலி எப்படி இருக்கிறது என்பவைதான். உனக்குப் பின்னால் போனுக்காகக் காத்திருக்கிற பையன்களின் குரல் கேட்கும். நீயும் "ஆங், சரிம்மா, வெச்சிடறேன்" என்பாய். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். எனக்கு வாய் குறைவு என்பது உனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது மளிகைக் கடையில் நான் கேட்க வேண்டியதை எனக்காக நீதான் சத்தமாகக் கேட்பாய். அதனால் எழுதுகிறேன். இதை உன்னோடு பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் நாளைக்கு உன்னைப்போல் சாவிக்கொத்தைக் கையில் வாங்கப் போகிறவர்கள்தானே.

பயிற்சி முடிந்து நடக்கிற அணிவகுப்புக்கு வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம், நீயும் அப்பாவும் வாருங்கள் என்று போன வாரம் சொன்னாய். சரி என்றேன். சொல்லிவிட்டு, நீ இன்னொருவரைப் பற்றியும் கேட்பாயோ என்று கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். நீ வைத்துவிட்டாய். பயிற்சிக்குப் போன இத்தனை மாதங்களில் மாமா எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன்னிடம் பாதியை மட்டும் சொல்லி வளர்த்தது நாங்கள்தான். மாமா ஜெயிலுக்குப் போனவர் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது; அதுவும் உன் வேலைக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெருமுனைக் கடையில் பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்தது. ஏன் போனார், எந்த வயதில் போனார் என்பது உனக்குத் தெரியாது. சிறைக் காவலராக நீ முதல் நாள் வேலைக்குப் போவதற்கு முன்னால் அது உனக்குத் தெரிய வேண்டும்.

உன் மாமா தணிகா எனக்கு இரண்டரை வயது சின்னவன். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அம்மா கரும்பு வெட்டுக்குப் போவாள். நைனா அப்போதே இல்லை. நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் இவனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் சோகை இலை காலைக் கிழிக்கும். பள்ளியில் சேர்த்துவிட்டால் மதியச் சாப்பாடும் ஆகும் என்று அம்மா நினைத்தாள். ஆனால் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறந்த தேதியை எழுதி வைக்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் ஏது? தைப்பூசத்தன்று பிறந்தான், அதனால் தணிகாசலம் என்று பெயர் வைத்தோம் என்பது மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். இப்படி வருகிற பிள்ளைகளுக்கு ஹெட்மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வரச் சொல்லிவிடுவார். தணிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே நீளக் கை. ஹெட்மாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் காதின் நுனியைப் பிடித்துக்கொண்டு, விட்டால் அனுப்பிவிடுவார்களோ என்று விடாமலே நின்றான். அவர் சிரித்துவிட்டு, ஐந்து நிறைந்ததாகக் கணக்குப் பண்ணி ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். உண்மையில் அவனுக்கு அப்போது நாலரைதான். அன்று மதியம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அம்மா போய்விட்டாள். தணிகா பத்தாவது முடித்துவிட்டு என்னோடு திருத்தணிக்கு வந்தான். உன் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டோவை ரிப்பேர் பார்க்கிற பாயின் ஷெட்டிலேயே இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டார். பிறகு நீ வந்தாய். உன்னைப் பெறுவதற்குள் நான் பட்டதை அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். இங்கே முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தணிகா அந்த வராந்தாவில் ஷெட்டு உடுப்போடு, கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்தானாம். அக்காவும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினால் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறான். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆடி பிறந்ததும்தான் என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அவன் முடியை நெற்றியில் விழவிட்டு, ஷெட்டிலிருக்கும் உடைந்த சைடு கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சீவுகிற வயது.

ஆடிக் கிருத்திகையன்று நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. ரயிலும் பஸ்ஸும் கொட்டுகிற கூட்டம், பூக்காவடி, மஞ்சள் வேட்டி, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தால் நம் முகமே நமக்கு வேறு யாருடையதோபோல் தெரியும். தணிகா மொட்டை போட்டு, சரவணப் பொய்கையில் குளித்து, மலையேறிக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்திருக்கிறான். கையில் உனக்குப் பூச விபூதிப் பொட்டலம். அடிவாரத்தில் ஓர் அம்மாள் கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். பறித்தது ஒல்லியான பையன், மொட்டை, மஞ்சள் வேட்டி, நீளக் கை என்றாள். பந்தோபஸ்துக்கு வெளியூர்களிலிருந்து வந்திருந்த போலீஸ்காரர்கள் அப்படி இருந்த சில பையன்களைப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த அம்மாள் வரிசையாகப் பார்த்து, தணிகாவிடம் வந்ததும் நின்றாள். இவன்தான் என்றாள். அவள் பொய் சொன்னாள் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. கண்ணீரோடு பார்த்தவளுக்கு அப்படித் தெரிந்திருக்கும். சங்கிலி அவனிடம் இல்லை. கூட்டாளியிடம் கைமாற்றியிருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் கோர்ட்டு வாசலில் நானும் அப்பாவும் நின்றோம். நீ என் இடுப்பில் இருந்தாய். வீட்டிலிருந்து கிளம்பும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து அவனுடைய பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதில் மாணவனின் நடத்தை என்று ஒரு வரி இருக்கும். அந்த இடத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தால் இவன் திருடுகிற பிள்ளை இல்லை என்று தெரிந்துகொள்வார்கள் என்பது என் எண்ணம். வாயால் சொல்ல எனக்கு வராது, காகிதம் சொல்லட்டும் என்று நினைத்தேன். உள்ளே தணிகாவிடம் வயதைக் கேட்டிருக்கிறார்கள். பதினேழு இருக்கும் சார் என்றிருக்கிறான். இருக்கும் என்றால் என்ன, சரியாகச் சொல் என்று மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் வாசலில் நின்ற காவலரிடம் நான் சான்றிதழை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர்கள் நடத்தை வரியைப் பார்க்கவில்லை. பிறந்த தேதியைப் பார்த்தார்கள். அந்த ஜூன் மாதத் தேதிப்படி அவனுக்குப் பதினெட்டு முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. பதினேழு என்றால் சிறுவர்களுக்கான இல்லத்துக்குப் போயிருப்பான். பதினெட்டு என்பதால் பெரிய ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

யார்மேல் தப்பு என்று நானும் எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன் கண்ணு. பசித்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட ஹெட்மாஸ்டர் நல்லவர். காகிதத்தில் இருந்ததைப் பார்த்து எழுதியவர் அவர் வேலையைச் செய்தார். நான் எடுத்துக்கொண்டு போனதும் ஆசையில்தான். எனக்கு வாசிக்கத் தெரியும். அதில் எதை வாசிக்க வேண்டும் என்பது தெரியவில்லை. எலும்பைப் படம் எடுத்து வயதைக் கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம் என்பதை எல்லாம் முடிந்த பிறகு ஒரு வக்கீல்தான் சொன்னார். நீ ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது நான் தபால் வழியில் பி.ஏ. படித்தேனே, ஏன் இத்தனை கஷ்டப்பட்டுப் படிக்கிறாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்களே, அதற்குக் காரணம் இதுதான். அடுத்த தடவை ஒரு காகிதத்தை யாரிடமாவது நீட்டுவதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று உன் அப்பா ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். நான் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

ஜாமீனுக்கு இரண்டு ஆள் வேண்டும் என்றார்கள். சொந்தமாக வீடோ நிலமோ உள்ளவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் அப்பா அலைந்தார். காபி கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. ஜாமீன் போட்டால் நாளைக்கு நம் பிள்ளைக்கும் கெட்ட பெயர் என்று பயந்தார்கள். ஷெட்டு பாய்க்குச் சொந்த வீடு இருந்தது. ஆனால் அப்போது அவர் இதய ஆப்பரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டில் படுத்திருந்தார். அவர் எழுந்து நடமாடுகிறவரை காத்திருந்தோம். ஆடி போய், ஆவணி, புரட்டாசி என்று தீபாவளியும் போய்விட்டது.

அதுவரைக்கும் நான் அவனைப் பார்க்கப் போவேன். முடிந்தபோதெல்லாம் விடியற்காலை ரயில், அப்புறம் பஸ், அப்புறம் வரிசை. அந்த நாளில் மனு எழுதிக் கொடுத்துக் கைதியைப் பார்க்கிற இடம் எப்படி இருந்தது என்று நீ கேள்விப்பட்டிருக்கமாட்டாய். இரண்டு கம்பிவலைகள், நடுவில் ஆள் நடக்கிற அளவு இடைவெளி. வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வக்கீல் வந்தாரா, சோறு எறங்குதா, கொழந்தைக்குக் காய்ச்சல் வுட்டுச்சா என்று ஒரே கூச்சல். யாருடைய குரல் யாருக்குப் போகிறது என்றே தெரியாது. எனக்கு மட்டும் குரல் எழும்பாது. வாயைத் திறப்பேன், காற்றுதான் வரும். அவனும் அந்தப் பக்கத்திலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். முதல் தடவை நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்ததும் வேறு எதுவும் தோன்றாமல் உன்னை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினேன். நீ வலையைப் பார்த்துச் சிரித்தாய். அவனும் சிரித்தான். அதன்பிறகு போகிற ஒவ்வொரு தடவையும் அதுதான் எங்கள் பேச்சு. நீ கனத்துக்கொண்டே வந்தாய். அவன் தலையில் முடி வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் புல்போல, பிறகு காதை மறைத்து, அப்புறம் நெற்றியில் விழுந்து. நாட்களை நான் அவன் முடியை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். சிரிப்பு மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. அந்தத் தைப்பூசத்தன்று அவன் உள்ளே இருந்தான். உண்மையில் அன்றைக்குத்தான் அவனுக்குப் பதினெட்டு நிறைந்தது.

பாய் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கோர்ட்டுக்கு வந்தார். "எங்கிட்ட ஸ்பேனர் புடிச்ச கைம்மா அது. எத்த எடுக்கணும், எத்த எடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். இன்னொரு கையெழுத்தைத் தன் தம்பியையே போடச் சொன்னார். தணிகா வெளியே வந்தான். கேஸ் அப்புறம் பல வருஷம் இழுத்து, அந்த அம்மாள் சாட்சிக்கு வராமல், தானாகவே முடிந்தது. அவன் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. அதைச் சொன்னபோது அவன் ஷெட்டில் டயர் கழற்றிக்கொண்டிருந்தான். ஆங் என்றான், அடுத்த நட்டைக் கழற்றினான்.

உள்ளே அவனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவான். தட்டில் சோறு விழுந்ததும் யாரோ பிடுங்கிவிடுவார்கள்போல் சாப்பிடுவான். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "இருக்கேன் சார்" என்பான். நான் கூப்பிட்டாலும் அப்படித்தான். கூப்பிட்டது நான் என்று தெரிந்ததும் வெட்கப்படுவான். கேஸ் முடியும்வரை ஒவ்வொரு ஆடியிலும், வருஷக் கடைசியிலும், கூட்டம் வருவதற்கு முன்னால் பழைய கேஸில் பெயர் இருக்கிறவர்களைப் போலீஸ்காரர்கள் விசாரிக்க வருவார்கள். முதல் இரண்டு வருஷம் கூப்பிட்டதும் போனான். பிறகு ஆடி பிறந்ததுமே எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ் ஏறிவிடுவான். கிருத்திகை முடிந்து ஊர் காலியானதும் திரும்பி வருவான். மாமா ஏன் திருவிழாவுக்கு இருப்பதில்லை என்று நீ கேட்பாய். ஆந்திராவில் வேலை என்று சொல்வேன். நீ அதை நம்பினாய். கேஸ் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. கனகம்மாசத்திரத்தில் பஞ்சர் கடை போட்டதும் இந்த ஊர்க் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கலாம் என்றுதான். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் அவனே முதலில் போய் ஜெயிலைச் சொல்லிவிடுவான். பேச்சு அதோடு நின்றுவிடும். அவன் நெற்றியில் விழுகிற அந்த முடியை நீ பார்த்திருக்கிறாய். அதற்கப்புறம் நீ இந்த வேலைக்குத் தேர்வாகிறவரை அவன் மொட்டை போட்டதே இல்லை. மலைக்கும் போனதில்லை.

நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பொது அறிவுப் புத்தகத்தை மடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தாய். நினைவிருக்கிறதா? "ஜெயில்ல கீறவங்க கணக்க வருஷா வருஷம் டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதிய வெச்சுதான் எடுக்கறாங்களாம்மா. வயசு வாரியா" என்றாய். சின்ன வயதுக்காரர்கள் ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்று கேட்டேன். ஒரு வருஷம் ஏறுகிறது, ஒரு வருஷம் இறங்குகிறது, ஆனால் எப்போதும் அவர்கள்தான் ஜாஸ்தி, அதிலும் கேஸ் முடியாதவர்கள்தான் அதிகம் என்றாய். கேள்வியில் வந்தால் மார்க் போகக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டாய். எனக்குக் கையில் இருந்த வேலை ஓடவில்லை. டிசம்பர் கடைசி நாள் நம் ஊரில் படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டு மலையேறுவார்கள். மாமா உள்ளே இருந்த வருஷம், ஊர் முழுக்கப் பாடிய அந்த நாளில்தான் அவனையும் எண்ணியிருக்கிறார்கள். பதினெட்டுக்கு மேற்பட்டவர்கள் பக்கத்தில். அவனுக்கு அன்று பதினேழு. அந்த வருஷம் பெரிய ஜெயிலில் ஒன்று கூடியிருக்கும், சிறுவர்கள் பக்கத்தில் ஒன்று குறைந்திருக்கும். யாராவது அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, சிறுவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

அதனால்தான் இப்போது பேப்பரில் இளைஞர்கள் சிறைக்குப் போவது கூடிவிட்டது என்று வந்தாலும், குறைந்துவிட்டது என்று வந்தாலும் எனக்கு உடனே சந்தோஷமோ துக்கமோ வருவதில்லை. யாரை எந்தப் பக்கத்தில் எண்ணினார்கள் என்றுதான் மனம் போகிறது. கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. நீ பயிற்சிக்குப் போன பிறகு, ரயிலில் நடந்த அடிதடியில் மகன் உள்ளே போன நம் எதிர்வீட்டு அம்மாவுக்குத் துணையாக அந்த வரிசையில் மறுபடியும் போய் நின்றேன். இப்போது கம்பிவலை இல்லை. கண்ணாடி, போன் எல்லாம் வந்துவிட்டது. கத்த வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த வரிசையில் நான்தான் சின்னவள், நரைத்த தலைகளுக்கு நடுவில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி. இப்போது எனக்கு முன்னாலும் பின்னாலும் என் வயது அம்மாக்கள். அவர்கள் கையிலிருந்த செல்போன் திரையில் தெரிந்த பிள்ளைகளின் முகங்களெல்லாம் உன் வயது. வரிசையை ஒழுங்குபடுத்திய காவலரும் உன் வயது. யார் காவலுக்கு நிற்கிற பிள்ளை, யார் உள்ளே இருக்கிற பிள்ளை என்று அந்த இடத்தில் சட்டையின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்போல் இருந்தது.

உன் வேலைக்கு விசாரணை நடந்த அந்த வாரம் நீ என்மேல் கோபமாக இருந்தாய். அது நியாயமான கோபம்தான். ஆனால் அன்றைக்கு நீ சொன்னதை யார் கேட்டார்கள் என்பது உனக்குத் தெரியாது. "ஜெயிலுக்குப் போனவரு ஊட்டுக்கு வந்துகினு போய்கினு இருந்தா எனக்கு எப்டிம்மா வேலை தருவாங்க?" என்றாய். நீ கொல்லைப்பக்கம் போன பிறகு நான் வாசலுக்கு வந்தேன். கதவுத் தாழ்ப்பாளில் கொய்யாப்பழப் பை மாட்டியிருந்தது. தணிகாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அந்தக் கொய்யாவை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு நீதான் சாப்பிட்டாய். யார் கொண்டுவந்தது என்று கேட்டாய். மார்க்கெட்டில் வாங்கினேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவன் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் கூப்பிட்டால், "ஆர்டர் வர்ட்டும்க்கா" என்பான்.

உன் வேலைக்கான ஆர்டர் வந்தது. நீ புறப்பட்ட நாளில் ஸ்டேஷனில் உன்னோடு தேர்வான பிள்ளைகள், அவர்கள் வீட்டார், மாலை, செல்பி என்று ஒரே கூட்டம். பிளாட்பாரத்தின் கடைசியில், டீக்கடைக்கு அந்தப் பக்கம், ஒருவன் மொட்டைத் தலையோடு நின்றான். சந்தனம் இன்னும் காயவில்லை. எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. ரயில் நகர்ந்ததும் அவன் கையைத் தூக்கினான். அத்தனை தலைகளுக்கு மேலே அந்த நீளக் கை மட்டும் தெரிந்தது. நீ ஜன்னலில் இருந்தாய். பார்த்தாய். பக்கத்திலிருந்த பையன் யாரது என்று கேட்டிருப்பான்போல. நீ முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டாய்.

ரயில் போன பிறகு அவனிடம் போனேன். ஏண்டா மொட்டை என்று கேட்டேன். உனக்கு வேலை கிடைத்தால் மலைக்கு வருவதாக வேண்டியிருந்தானாம். அன்று காலையில் தனியாக ஏறியிருக்கிறான். இறங்கும்போது அடிவாரத்தில் கால் கொஞ்சம் தயங்கியது என்றான்.  ரயில் போன பக்கம் திரும்பி, "பாத்துட்டான்க்கா. அது போதும்" என்றான்.

எனக்குப் போதவில்லை கண்ணு. அதனால்தான் இத்தனை பக்கம்.

நீ நல்ல காவலராக இரு என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியாது. கேட்கிறதைச் சின்னதாகக் கேட்டுவிடுகிறேன். புதிதாக ஒரு பையன் உள்ளே வந்தால், காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார். மீசை முளைத்திருக்கிறதா என்று பார். பதினேழு இருக்கும் சார் என்று எவனாவது சொன்னால், இருக்கும் என்றால் என்ன என்று அதட்டாதே. மேலே இருப்பவரிடம் போய்ச் சொல். பின்னாலிருந்து யாரையும் கூப்பிடாதே, முன்னால் போய் நின்று பெயரைச் சொல். மனு நாளில் ஒரு பெண் வாயைத் திறந்து ஒன்றும் வராமல் நின்றால், நேரம் முடிந்தது என்று உடனே சொல்லிவிடாதே. அவள் கையில் குழந்தை இருந்தால் அதைத் தூக்கிக் காட்டுகிறவரை பொறு. அவ்வளவுதான் கேட்கிறேன். உன் சம்பளத்தில் எனக்குப் புடவை எடுத்துத் தருவதாகச் சொன்னாயே, அதைவிட இது எனக்குப் பெரிது.

அணிவகுப்புக்கு வருவதைப் பற்றி அப்பாவிடம் பேசினேன். அவர் வெகுநேரம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "எனக்கு பதிலா அவன கூட்டினு போ. அவன் தலையில முடி போனதே இந்தப் பையனுக்குதான், ரெண்டு தடவையும்" என்றார். கனகம்மாசத்திரத்துக்குப் போய்த் தணிகாவிடம் சொன்னேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவன், கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டான்.  ஓட்டையைக் கண்டுபிடித்து அதில் அடையாளம் வைத்துவிட்டுச் சொன்னான். "வரேன்க்கா. ஆனா கேட்டுக்குள்ள மட்டும் என்ன கூப்டாத. நான் வெளியவே நின்னுக்கறேன்."

அது மைதானம்தான்டா, பந்தல் போட்டிருப்பார்கள், ஜெயில் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். தெரியும்க்கா என்றான். தெரிந்தும் அவன் கால் வராது. அதை நான் இனிமேல் கேட்கமாட்டேன்.

அதனால் நாங்கள் மூன்று பேர் வருகிறோம். நானும் அப்பாவும் உள்ளே வந்து உட்கார்ந்திருப்போம். நீ கடந்து போகும்போது அப்பா எழுந்து நின்று கைதட்டுவார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன். அதையெல்லாம் நீ கவனிக்காதே. எல்லாம் முடிந்ததும் உன்னோடு இருக்கிற பிள்ளைகள் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால், தொப்பியைக் கழற்றாமல், அந்தச் சீருடையோடேயே கேட்டைத் தாண்டி வெளியே வா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்காவது சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருப்பான். நீ போனதிலிருந்து முடியை ஒட்ட வெட்டியே வைத்திருக்கிறான், புல்போல. கூட்டத்தில் உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அவன் கையைத் தூக்குவான்.

அம்மா